பிரதியின் அறம்: மன்னர் உருவங்களை மீள வரைதல் பற்றிய ஒரு நோக்கு

மன்னர் ஒருவரை நேரிற் கண்டு ஓவியன் ஒருவன் அவர் உருவத்தைத் தீட்டுவது ஒரு செயல். அவ்வோவியத்தை மட்டுமே கண்டு பிறிதோர் ஓவியன் அதனை மீள வரைவது வேறொரு செயல். முதலாமவன் மனிதரைப் பார்க்கிறான். இரண்டாமவன் படத்தைப் பார்க்கிறான். வரலாற்றில் இடம்பெற்ற மன்னர்களின் உருவங்களிற் பல, இவ்விரண்டாமவனின் கைவழியாகவே பிற்காலத்தவரை வந்தடைந்துள்ளன. அரண்மனைக் கூடங்களிலும் அரும்பொருட் காட்சியகங்களிலும் பாடசாலைச் சுவர்களிலும் தொங்கும் படங்களிற் கணிசமானவை பிரதிகளே. சில, பிரதிகளின் பிரதிகள்.

இவ்விரண்டாம் ஓவியன் யாருக்குக் கடமைப்பட்டவன்? மூல ஓவியத்துக்கா, மறைந்த மன்னருக்கா, நாளை அப்படத்தைக் காணவிருக்கும் மாணவனுக்கா? இவ்வினா கலை பற்றியது போலத் தோன்றினும், அடிப்படையில் அறம் பற்றியதாகும். ஏனெனில் உருவப்படம் வெறும் அழகுப் பொருள் அன்று. அது ஒரு கூற்று. ‘இவர் இவ்வாறு இருந்தார்’ என்று அது சொல்கிறது. கூற்று எதுவாயினும் அது மெய்யாகவோ பொய்யாகவோ இருத்தல் கூடும். எனவே, பிறர் கூறியதைத் திருப்பிக் கூறுபவனுக்கு என்ன பொறுப்பு உண்டோ, அதே பொறுப்புப் பிரதி வரைபவனுக்கும் உண்டு.

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர், சம்மாந்துறை, அக்கரைப்பற்று முதலாய ஊர்கள் அமைந்த கிழக்குக் கரையோரத்துக்கு இவ்வினா புறம்பானது என்று ஒருவர் கருதலாம். இங்கு அரண்மனைகள் இல்லை. அரசவை ஓவியர் மரபும் இல்லை. முஸ்லிம் இல்லங்களின் சுவர்களில் மனித உருவங்களைக் காட்டிலும் அரபு எழுத்தணியையும் கஃபாவின் தோற்றத்தையுமே பெரிதும் காணலாம். ஆயினும், இக்கரையோரத்தின் வரலாறே இவ்வினாவை எழுப்புகின்றது என்பது சற்று ஆழ்ந்து நோக்குமிடத்துப் புலனாகும்.

1602ஆம் ஆண்டில் ஒல்லாந்தக் கடற்றலைவர் யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் மட்டக்களப்புக் கரையை அடைந்தார். அங்கிருந்து கண்டிக்குச் சென்று முதலாம் விமலதர்மசூரிய மன்னரைச் சந்தித்தார். அவருடைய பயண நூலில் இடம்பெற்ற செதுக்கோவியம் ஒன்று, மன்னரும் அவரும் கைகொடுத்து நிற்பதைக் காட்டுகிறது. இலங்கை வரலாறு பற்றிய நூல்களில் மீண்டும் மீண்டும் எடுத்தாளப்பட்டு வந்த படம் இது. 1660இல் கொட்டியாரக் குடாவில் பிடிபட்டு, 1679இல் தப்பிச் சென்ற ரொபேட் நொக்ஸ், 1681இல் இலண்டனில் வெளியிட்ட நூலிலே இரண்டாம் இராஜசிங்க மன்னரின் உருவப்படம் உண்டு. இவ்விரு படங்களும் மன்னர் முன்னிலையில் அமர்ந்து தீட்டப்பட்டவை அல்ல. பயணிகள் கொண்டு சென்ற செய்தியை ஒட்டி ஐரோப்பாவிலே தகட்டில் வெட்டப்பட்டவை. ஆயினும், அவ்விரு மன்னர்களும் இன்று அறியப்படுவது இப்படங்களின் வழியாகவும் அவற்றைப் பார்த்து வரையப்பட்ட பிரதிகளின் வழியாகவுமே ஆகும்.

இவ்விருவருக்கும் இடையில், 1604 முதல் 1635 வரை கண்டியை ஆண்டவர் செனரத் மன்னர். போர்த்துக்கேயர் தமது ஆட்சிக்குட்பட்ட பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை 1626இல் வெளியேற்றியபோது, அவர்களை ஏற்று ஏறத்தாழ 4,000 பேரை மட்டக்களப்புப் பகுதியிற் குடியமர்த்தியவர் அவர் என்பது வரலாற்றாசிரியர்களாற் பெரிதும் எடுத்துக் கூறப்படும் செய்தியாகும். அதற்கு முன்னரே கிழக்கில் முஸ்லிம்கள் வாழ்ந்தனர் எனினும், இக்கரையோர மக்களின் வரலாற்று நினைவிலே செனரத் பெறும் இடம் தனியானது. ஆயின், முன்னும் பின்னும் ஆண்ட இருவரின் படங்களைப் போலப் பரவலாக அறியப்பட்ட சமகாலப் படம் எதுவும் செனரத்துக்கு இல்லை. அடைக்கலம் அளித்தவருக்கும் முகம் இல்லை; அடைக்கலம் பெற்றவர்களுக்கும் முகம் இல்லை.

இவ்விடத்திலேதான் வினா கூர்மை அடைகிறது. ஒரு பாடசாலை மண்டபத்துக்குச் செனரத் மன்னரின் படம் ஒன்று வேண்டும் என்று ஓவியன் ஒருவனிடம் கேட்கப்படுவதாகக் கொள்வோம். நன்றியுணர்வே அவ்வேண்டுகோளுக்குக் காரணம். ஓவியன் என்ன செய்ய வேண்டும்? அறியப்பட்ட ஒருவரின் படத்தைத் தழுவி அதன் கீழே செனரத் என்று பெயர் எழுதலாமா? தன் கற்பனையில் ஒரு முகத்தைப் படைக்கலாமா? அன்றி, மறுத்து விடுவதுதான் நேர்மையா? இதற்கு விடை காண்பதற்கு முன்னர், பிரதி ஓவியம் உலகிலே என்னென்ன நன்மைகளையும் தீமைகளையும் செய்துள்ளது என்பதை நோக்குதல் தகும்.

முதலில் நன்மை. இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றி மன்னர், அவருடைய பெற்றோர், மனைவி ஜேன் சீமோர் ஆகிய நால்வரையும் ஹோல்பைன் என்னும் ஓவியர் 1537இல் வைற்ஹோல் அரண்மனைச் சுவரிலே தீட்டினார். 1667இல் இரண்டாம் சார்ள்ஸ் மன்னரின் விருப்பின்படி, ரெமிஜியஸ் வான் லீம்புற் என்பவர் அச்சுவரோவியத்தைச் சிறிய அளவிற் பிரதி செய்தார். 1698இல் அரண்மனை எரிந்தது; சுவரோவியமும் அழிந்தது. இன்று அதன் முழு அமைப்பையும் வண்ணங்களையும் அறிய உதவுவது அந்தப் பிரதியே. மூலம் சாம்பலான பின்னரும் பிரதி சாட்சியாக நின்றது. ஹோல்பைன் சுவரில் தீட்டுவதற்கு முன் ஆயத்தமாக வரைந்த பெரிய தாள் வரைபின் ஒரு பகுதியும் எஞ்சியுள்ளது. அதில் மன்னரின் முகம் சற்றே பக்கம் திரும்பியிருக்கிறது. பிரதியிலோ முகம் நேராக நோக்குகிறது. ஓவியர் பின்னர் தம் எண்ணத்தை மாற்றிக்கொண்டார் என்று அறிஞர் ஊகிக்க முடிவதும், பிரதி செய்தவர் கண்டதைக் கண்டவாறே வரைந்தார் என்ற நம்பிக்கையினாலேயே. தம் கைத்திறனைக் காட்டுவதற்காக அவர் முகத்தைச் சற்றே மாற்றியிருப்பாராயின், அந்த நம்பிக்கையும் அதனோடு அந்த அறிவும் இல்லாது போயிருக்கும். எனவே, பிரதி செய்பவனின் பணிவு அறிவுக்குத் துணையாகிறது.

ஆயின், மூலத்துக்கு உண்மையாய் இருத்தலே மனிதருக்கும் உண்மையாய் இருத்தல் ஆகாது. ஹென்றியின் மகள் முதலாம் எலிசபெத் அரசி முதுமையடைந்த பின்னரும் அவருடைய படங்கள் முதுமையடையவில்லை. அங்கீகரிக்கப்பட்ட முக மாதிரி ஒன்றைப் பார்த்தே ஓவியர்கள் அவரை வரைந்தனர். 1596இல், அரசிக்கு ஒவ்வாதவை எனக் கருதப்பட்ட படங்களைத் தேடி அழிக்குமாறு அரச மன்றம் ஆணையிட்டது. அவ்வாண்டில் அரசியின் வயது 60ஐக் கடந்திருந்தது. மாதிரியைப் பிசகாமற் பின்பற்றிய ஓவியன் தன் தொழிலில் நேர்மையானவனே; எனினும், அவன் திருப்பிக் கூறிய செய்தி பொய். பிழையற்ற பிரதியும் பொய்யைச் சுமக்கக்கூடும் என்பதற்கு இது தக்க சான்றாகும்.

ஆகவே, பிரதி ஓவியத்தில் உண்மை இருவகைப்படும் என்பது பெறப்படும். ஒன்று, படத்துக்கு உண்மையாயிருத்தல். மற்றையது, மனிதருக்கு உண்மையாயிருத்தல். முதலாவது ஓவியனின் கையில் உள்ளது. இரண்டாவது அவன் கையில் இல்லை. மூலத்தை வரைந்தவன் கண்டது என்ன, மறைத்தது என்ன என்பதில் அது தங்கியுள்ளது. மூலமும் மாசற்றதாக இருக்கும் என்பதற்கில்லை. ஜென்ரிலே பெல்லினி 1480இல் தீட்டிய உதுமானிய சுல்தான் இரண்டாம் முஹம்மதின் படம் இலண்டன் தேசிய ஓவியக்கூடத்தைச் சேர்ந்தது. பிற்காலத்திற் பலமுறை மேற்பூச்சுப் பெற்றமையால், அதிலே பெல்லினியின் கைவண்ணம் எவ்வளவு எஞ்சியுள்ளது என்பதே ஆராய்ச்சிக்குரியதாயுள்ளது. மூலம் என்று போற்றப்படுவதும் ஓரளவு பிரதியே என்னும் நிலை இங்கு ஏற்படுகிறது.

மன்னர் உருவங்கள் பிரதி செய்யப்பட்டதற்கு அன்பும் அறிவு வேட்கையும் மட்டும் காரணங்கள் அல்ல. ஆட்சியும் ஒரு காரணம். மூன்றாம் ஜோர்ஜ் மன்னரை முடிசூட்டு உடையில் அலன் றாம்சே 1760களின் தொடக்கத்தில் தீட்டினார். அப்படத்துக்கும் அரசியின் படத்துக்குமாக ஏறத்தாழ 150 சோடிப் பிரதிகள் அவருடைய கூடத்திலே கையால் தீட்டப்பட்டுத் தூதுவர்களுக்கும் குடியேற்ற நாட்டு ஆளுநர்களுக்கும் அனுப்பப்பட்டன. அங்கு உதவியாளராக இருந்த பிலிப் ரைனேகல் அரச உருவங்களைச் சலிப்புறும் அளவுக்கு வரைந்து, பின்னர் விலங்குகளையும் நிலக்காட்சிகளையும் வரையத் தலைப்பட்டார். 1815 மார்ச் 2ஆம் நாள் கண்டி இராச்சியம் ஒப்பந்தத்தின் மூலம் இதே ஜோர்ஜ் மன்னரின் முடிக்குக் கீழ்ப்பட்டது. கிழக்குக் கரையோரத்தின் மீது கண்டி அரசர்கள் ஒருகாலத்தில் செலுத்திய மேலாண்மையின் கடைசிச் சுவடும் அத்துடன் மறைந்தது. அவ்வேளை அம்மன்னர் பார்வையிழந்து, மனநலம் குன்றி, வின்சர் மாளிகையில் ஒதுங்கியிருந்த முதியவர். 1811 முதல் மகனே அவர் பெயரால் ஆண்டுவந்தார். ஆளுநர் மாளிகைகளிலோ 20 வயதுகளின் தொடக்கத்திலிருந்த பொன்னாடை இளைஞர் அதே மிடுக்குடன் நின்றுகொண்டிருந்தார். மனிதர் தளர்ந்தபோதும் படம் ஆட்சி செய்தது. ஒவ்வொரு பிரதியும் மூலத்துக்கு உண்மையானது. அனைத்தும் சேர்ந்து ஏற்படுத்திய தோற்றமோ உண்மைக்குப் புறம்பானது.

இன்னும் நுட்பமான தீமை ஒன்றுண்டு. வரலாற்றறிஞர் பாவோலோ ஜோவியோ இத்தாலியின் கோமோ ஏரிக்கரையிலே புகழ்பெற்றோரின் உருவப்படங்களைத் திரட்டி வைத்திருந்தார். 1552இல் புளோரன்ஸின் ஆட்சியாளர் முதலாம் கொசிமோ, கிறிஸ்தோபனோ டெல் அல்திசிமோ என்னும் ஓவியரை அனுப்பி அவற்றைப் பிரதி செய்வித்தார். நூற்றுக்கணக்கில் அமைந்த அப்பிரதிகள் இன்றும் உபீசிக் காட்சியகத்தில் உள்ளன. ஜோவியோவின் திரட்டோ சிதறிப் போயிற்று. அப்பிரதிகளுள் ஒன்று, எருசலேமை மீட்ட சுல்தான் ஸலாஹுத்தீன் ஐயூபியின் படம். அவர் மறைந்தது 1193இல்; பிரதி வரையப்பட்டது 16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில். இடைவெளி 350 ஆண்டுகள். அவரை நேரிற் கண்டு தீட்டியது என்று உறுதியாகக் கூறத்தக்க ஓவியம் எதுவும் இல்லை. எனினும், நூல்களின் அட்டைகளிலும் சுவரொட்டிகளிலும் அந்த முகமே இன்று ஸலாஹுத்தீனின் முகமாக உலவுகிறது. இதிற் பொய்யுரைத்தவர் யார் என்று வினவினால், ஒருவரையும் சுட்ட இயலாது. ஒவ்வொருவரும் தமக்கு முன்னிருந்ததை நம்பினர், ஒவ்வொரு முறை வரையப்பட்டபோதும் நம்பிக்கை வளர்ந்தது, சான்று வளரவில்லை.

தமிழ்நாட்டிலும் இதனை ஒத்த நிலையைக் காணலாம். தஞ்சைப் பெருங்கோயிலின் உட்சுற்றிலே நாயக்கர் கால ஓவியங்களின் அடியில் மறைந்திருந்த சோழர் ஓவியங்களை 1931இல் எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். அங்கு முன்னும் பின்னுமாக நிற்கும் இருவர் இராஜராஜ சோழரும் கருவூர்த் தேவரும் என்பது பரவலான நம்பிக்கை. ஆய்வாளர் அனைவரும் அதனை ஏற்பதில்லை. ஆய்வு நூலிலே ‘எனக் கருதப்படுபவர்’ என்று எழுதப்படுகிறது. அவ்வுருவத்தைப் பார்த்து வரையப்படும் படங்களில் அச்சொல் உதிர்ந்து விடுகிறது. தூரிகையால் முகத்தை எழுதலாம். ஐயத்தை எழுதுவது அரிது. ஓவியத்தின் வலிமை அது. அதன் ஆபத்தும் அதுவே.

அவ்வாறாயின், ஐயத்தையும் உடன்கொண்டு செல்லும் முறை ஒன்று உண்டா? இக்கரையோரத்து மத்ரஸாக்களிற் பயிலும் மாணவர் ஒருவருக்கு இவ்வினா புதிதன்று. ஹதீஸ் கலையிலே ஒரு செய்தி தனித்து நிற்பதில்லை. ‘இன்னாரிடமிருந்து இன்னார் கேட்டார், அவரிடமிருந்து இன்னார் கேட்டார்’ என்னும் அறிவிப்பாளர் தொடர் அதன் முன்னே நிற்கிறது. இதனை ‘இஸ்னாத்’ என்பர். தொடரில் ஒரு கண்ணி அறுந்திருந்தால் செய்தியின் தரம் குறைகிறது. ஒருவர் நம்பகமற்றவர் எனின் அதுவும் சொல்லப்படுகிறது. கருத்து அழகாக உள்ளது என்பதற்காக மட்டும் ஒரு செய்தி ஏற்கப்படுவதில்லை. ‘யார் கண்டார்?’ என்பதே அங்கு முதல் வினா. அதே வினாவை மன்னர் உருவங்களை நோக்கி எழுப்புவதற்குத் தடை எதுவும் இல்லை. அல்திசிமோவின் படத்துக்கு முன்னால் ஜோவியோவின் படம்; அதற்கு முன்னால் யார் என்று கேட்டால் தொடர் அறுகிறது. லீம்புற்றின் பிரதிக்கு முன்னால் ஹோல்பைன். அவருக்கு முன்னால் அவர் கண்ட மன்னர். இங்கு தொடர் நிறைவுறுகிறது. இரண்டும் கையால் தீட்டப்பட்ட பிரதிகளே. எனினும், சாட்சியத்தின் தரத்தில் அவை ஒன்றல்ல.

உருவம் வரைதலிலே தயக்கம் காட்டிய இஸ்லாமிய மரபு இது பற்றி வேறொரு பாடத்தையும் தருகிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் உருவத்தை வரையாது, அவர்களின் தோற்றத்தையும் பண்பையும் சொல்லால் எடுத்துரைக்கும் எழுத்தணிப் பலகையை உதுமானிய எழுத்தணிக் கலைஞர் ஹாபிழ் உஸ்மான் (1642–1698) செம்மையுறச் செய்தார். ‘ஹில்யா’ எனப்படும் அப்பலகையின் வாசகம் அலீ (ரலி) அவர்களின் அறிவிப்பைச் சொல்வதாகத் தொடங்குகிறது. அன்பின் மிகுதியால் எழுந்த கலைவடிவத்திலும், கண்டு சொன்னவரின் பெயர் முதலிடம் பெறுகிறது. அன்பு இருந்தால் சான்று வேண்டாம் என்று அம்மரபு கருதவில்லை. அன்பு மிகுமிடத்திலேயே சான்று மிகுதியாக வேண்டும் என்று கருதியது.

அதே வேளை, முஸ்லிம் அரசவைகள் யாவும் உருவப்படத்தை ஒதுக்கின என்பதும் பொருந்தாது. 1579இல் உதுமானியப் பேரரசின் பிரதம அமைச்சர் சொக்குல்லு முஹம்மத் பாஷா, முன்னைய சுல்தான்களின் உருவங்களை அறிவதற்காக வெனிசிலிருந்து படங்களைத் தருவித்தார். அரசவை ஓவியர் உஸ்மானும் வரலாற்றெழுத்தாளர் லுக்மானும் 12 சுல்தான்களின் உருவ நூலை ஆக்கியபோது அவையும் கருத்திற் கொள்ளப்பட்டன. தம் முன்னோரின் முகத்தைப் பிறர் வரைந்த படத்திலே தேட வேண்டியிருந்தமை சிந்தனைக்குரியது. கற்பனையை நம்பாது, கிடைத்த சான்றைத் தேடிச் சென்றனர் என்பது அதனினும் சிந்தனைக்குரியது.

மொகலாய அரசவையில் 1616இல் நிகழ்ந்த ஒரு செய்தியும் ஈண்டு குறிப்பிடத்தக்கது. ஆங்கிலத் தூதர் சேர் தோமஸ் ரோவிடம் இருந்த சிற்றோவியம் ஒன்றைத் தம் ஓவியர் அவ்வாறே வரைவார் என்று ஜஹாங்கீர் பேரரசர் கூறினார். சில நாள்களின் பின், இரவிலே விளக்கொளியில், மூலமும் பிரதிகளும் ஒன்றாகத் தூதர் முன் வைக்கப்பட்டன. அவற்றைப் பிரித்தறியத் தாம் இடர்ப்பட்டதைத் தூதரே எழுதிவைத்துள்ளார். பிரதி இவ்வளவு செம்மையாய் இருந்தும் அது ஏமாற்று ஆகவில்லை. காரணம், அங்கு எல்லோருக்கும் தெரியும்: ஒன்று மூலம், ஏனையவை பிரதிகள். அது திறமையின் விளையாட்டாக முடிந்தது. அதே பிரதியை மூலம் என்று கூறித் திருப்பிக் கொடுத்திருந்தால் அது களவாகியிருக்கும். தூரிகையின் தொழில் இரண்டிலும் ஒன்றே. அறம் மாறுபடுவது அறிவித்தலில்.

இவ்வுண்மைக்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டியதில்லை. கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசலிலே நாகூர் ஷாஹுல் ஹமீது ஒலியுல்லாஹ் அவர்களின் நினைவாக ஆண்டுதோறும் கொடியேற்றம் நிகழ்கிறது. அப்பெரியார் அடங்கியிருப்பது தமிழகத்து நாகூரில். கல்முனைக்குடியில் உள்ளது நினைவிடம் மட்டுமே என்பதை அங்கு கூடுவோர் அறிவர். அதனை மறைப்பாரும் இல்லை. நாகூரின் பெயரையே அது தாங்கி நிற்கிறது. சிங்கப்பூரிலும் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இத்தகைய நாகூர் நினைவிடம் எழுப்பப்பட்டது. தன் மூலம் எங்குள்ளது என்பதைப் பெயரிலேயே சொல்லும் பிரதி எவரையும் ஏமாற்றுவதில்லை. நாகூருக்குச் செல்ல இயலாதவருக்கு அது நாகூரை நினைவூட்டுகிறது. இவ்வழக்கம் பற்றி மார்க்க அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அது வேறு விடயம். தன்னைப் பிரதி என்று ஒப்புக்கொள்ளும் பிரதியின் நேர்மை மட்டுமே இங்கு கருதப்படுகிறது.

இதற்கு எதிராக மூன்று தடைகள் கூறப்படலாம். முதலாவது, புலவன் மன்னனைப் பாடும்போது சான்று கேட்பதில்லை. ஓவியனிடம் மட்டும் ஏன் கேட்க வேண்டும் என்பது. புலவனின் பாட்டைக் கேட்பவர் அதனைப் புகழ்ச்சி என்று அறிந்தே கேட்கின்றனர். மன்னனின் தோள் மலை என்றால் எவரும் அளந்து பார்ப்பதில்லை. உருவப்படமோ தன்னைக் கற்பனை என்று காட்டிக்கொள்வதில்லை. மூக்கின் வளைவையும் நெற்றியின் அகலத்தையும் அது உறுதியோடு கூறுகிறது. உறுதி மிகுந்த இடத்திலே பொறுப்பும் மிகும்.

இரண்டாவது தடை, முகம் எவ்வாறிருந்தால் என்ன, மன்னரின் பெருமை மனத்திற் பதிந்தால் போதாதா என்பது. இது வலுவுள்ள வாதமே. ஆயின், கற்பனை முகம் வெறுமையாக வருவதில்லை. வரைபவரின் விருப்பு வெறுப்புகளையும் உடன் கொண்டே வருகிறது. நல்லவர் எனக் கருதப்பட்டவருக்கு வெண்ணிறமும் அழகும் அமைதியும் வாய்க்கின்றன; பகைவர் எனக் கருதப்பட்டவருக்குக் கரிய நிறமும் சினந்த விழியும் வாய்க்கின்றன. பல இனத்தவர் கூடி வாழும் நாட்டில், பழைய மன்னர் ஒருவருக்கு எந்த முகமும் எந்த உடையும் கொடுக்கப்படுகின்றன என்பது சிறு செய்தி அன்று. அவர் யாருக்கு உரியவர் என்னும் வழக்கையும் அப்படம் தீர்த்து விடுகிறது. சான்றின்றித் தீர்த்து விடுகிறது.

மூன்றாவது தடையே மிகக் கடினமானது. முகமற்றவருக்கு முகம் கொடுத்தல் ஆறுதல் அன்றோ என்பது அது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையோரத்தை விழுங்கியது. இலங்கையில் மிகுதியான உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறையே. கரையோர வீடுகள் அழிந்தபோது அவற்றில் இருந்த புகைப்படங்களும் அழிந்தன. மகனை இழந்த தாய் ஒருத்தி, அவனுடைய படம் ஒன்றும் எஞ்சாத நிலையில், தன் நினைவிலிருந்து சொல்லச் சொல்ல ஓவியன் ஒருவன் வரைந்து கொடுப்பதாகக் கொள்வோம். அதனைப் பொய் என்று எவர் கூறுவார்? கூற முடியாது; ஏனெனில் அங்கு சாட்சி இருக்கிறார். கண்டவரே அருகிருந்து, ‘புருவம் இவ்வாறன்று, இவ்வாறு’ என்று திருத்துகிறார். அறிவிப்பாளர் தொடரில் ஒரே கண்ணி, அதுவும் தாய். கை பிழைத்தாலும் அப்படம் மெய்யின் பக்கத்தில் நிற்கிறது. செனரத் மன்னரின் முகத்தைத் திருத்துவதற்கு அத்தகைய ஒருவர் இல்லை. ஆறுதலுக்கும் அலங்காரத்துக்கும் உள்ள வேறுபாடு இதுவே எனலாம்.

இன்று இவ்வினா மேலும் அவசரமானதாகியுள்ளது. கையாற் பிரதி வரைந்த ஓவியன் ஒவ்வொரு கோட்டையும் தானே தீர்மானித்தான். எங்கு அறிந்து வரைந்தான், எங்கு ஊகித்து வரைந்தான் என்பது அவனுக்கேனும் தெரிந்திருந்தது. கேட்டால் அவன் விடை கூறக் கடமைப்பட்டவன். இப்பொழுதோ செயற்கை நுண்ணறிவு கொண்ட கணினி, பெயரைக் கொடுத்த சில நொடிகளில் புகைப்படம் போன்ற மன்னர் முகங்களைத் தோற்றுவிக்கிறது. தோலின் துளைகளும் தாடியின் நரையும் அதில் தெரிகின்றன. கண்டவர் மட்டும் இல்லை. தொடரே இல்லாத செய்தி, தொடர் நிறைவுற்ற செய்தியைக் காட்டிலும் தெளிவாக ஒலிக்கும் நிலை இது. எனவே, ‘எவ்வளவு தத்ரூபமாக உள்ளது’ என்பது இனிமேல் உண்மைக்கு அளவுகோலாக இருத்தல் இயலாது. ‘யாரைப் பார்த்து வரையப்பட்டது’ என்பதே அளவுகோலாதல் வேண்டும்.

மருதமுனை நெசவாளர் ஒருவர் தம் தந்தையின் தறியிற் கண்ட கரை வடிவத்தையே தாமும் நெய்வாராயின், அதில் அறச்சிக்கல் எதுவும் இல்லை. கோலம் எவரைப் பற்றியும் எதையும் கூறுவதில்லை. திரும்பத் திரும்ப நெய்யப்படுவதே அதன் வாழ்வு. திருக்குர்ஆனைக் கையால் படியெடுத்தவர்களுக்கும் ஓர் அரண் இருந்தது: மனனம் செய்த ஹாபிழ்கள் ஊர்தோறும் இருந்தமையால் எழுத்துப் பிழை உடனே வெளிப்பட்டது. மன்னர் உருவத்தைப் பிரதி செய்பவனுக்கு இவ்விரண்டும் இல்லை. அவன் வரைவது வெறுங் கோலம் அன்று, ஒருவரைப் பற்றிய கூற்று. அதனைச் சரிபார்க்க மனனம் செய்தோரும் இல்லை. ஆகவே, அவனுக்கு எஞ்சுவது அவனது வாய்மை ஒன்றே. சரிபார்ப்பார் இல்லாத இடத்திலே காக்கப்படும் வாய்மைதான் வாய்மையின் முழு வடிவம்.

இனி, பாடசாலை மண்டபத்துக்குப் படம் கேட்கப்பட்ட ஓவியனுக்கு உரிய விடையைக் கூறலாம். அவன் மறுக்க வேண்டியதில்லை. ஸ்பில்பேர்கனின் நூற்படத்தை அவன் செம்மையாகப் பிரதி செய்யலாம்; அதன் கீழே, ‘முதலாம் விமலதர்மசூரியர், 1602ஆம் ஆண்டுச் சந்திப்பு, ஒல்லாந்த நூற்படத்தின் பிரதி’ என்று எழுதலாம். நொக்ஸின் நூற்படத்தையும் அவ்வாறே வரைந்து அதன் மூலத்தையும் குறிக்கலாம். இரண்டுக்கும் நடுவே ஒரு சட்டத்தைத் தொங்கவிட்டு, அதில் முகத்துக்குப் பதிலாக எழுத்தை இடலாம்: செனரத், 1604 முதல் 1635 வரை ஆண்டவர், 1626இல் அடைக்கலம் அளித்தவர் என்று கூறப்படுபவர், இவர் முகம் அறியப்படவில்லை. ‘கூறப்படுபவர்’ என்னும் சொல்லையும் அவன் விட்டுவிடலாகாது.

அம்மண்டபத்தைக் கடந்து செல்லும் மாணவர் இரு படங்களையும் விரைந்து பார்த்துவிட்டு, எழுத்தின் முன் சற்று நிற்கக்கூடும். முகம் ஏன் இல்லை என்று ஆசிரியரிடம் கேட்கவும் கூடும். அவ்வினாவிலிருந்து வரலாற்றுப் பாடம் தொடங்குகிறது. கற்பனை முகம் அவ்வினாவை எழவிடாது தடுத்திருக்கும். நன்றி செலுத்துவதற்கு ஒருவரின் முகத்தை அறிந்திருத்தல் இன்றியமையாததன்று. அவர் செய்ததை அறிந்திருத்தலே போதுமானது. அறியாததை அறிந்ததாகக் காட்டாதிருத்தலும் அவருக்குச் செலுத்தும் மரியாதையே ஆகும்.